டோனட் தினமும் ஆச்சி திதியும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

எங்கள் தெரு வாட்ஸாப் குழுவில் தினமும் காலை ஆறு மணிக்கு 'இன்று என்ன நாள்' என்று ஒரு பதிவு போடுவேன். மூன்று வருடமாக ஒரு நாள் விட்டதில்லை. உலக இட்லி தினம், இடது கைக்காரர் தினம், அப்புறம் கீழே 'வரலாற்றில் இன்று' என்று நாலு வரி. ஜூன் 6 காலையில் 'இன்று டோனட் தினம்' என்று படத்தோடு போட்டேன். எண்பதைத் தாண்டிய எங்கள் பெரியப்பா அதே குழுவில் குரல்பதிவு அனுப்பினார்: "ஏலே, நேத்து ஒங்க ஆச்சி திதி. அது ஒனக்கு நெனப்பில்ல. வெள்ளக்காரன் வடைக்கு நாள் கொண்டாடுதியோ?" முந்தின நாள் வைகாசித் தேய்பிறை பஞ்சமி. வேலையாக மதுரை போனவன் சுத்தமாக மறந்துவிட்டேன். தெருவே கேட்டுவிட்டது.

இந்த தினங்களையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள்? 'வரலாற்றில் இன்று' என்று வருவதை நம்பலாமா? வருகிற 17ஆம் தேதிக்கு என் பட்டியலில் 'காய்கறி உண்ணும் நாள்' என்று இருக்கிறது. போடவா, இல்லை இந்த வேலையையே நிறுத்திவிடவா?

உங்கள் வாசகன், கல்லிடைக்குறிச்சி (பெயர் வேண்டாம், குழுவில் பலர் உங்களைப் படிப்பவர்கள்)

*

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் ஒரு திருத்தம். டோனட் தினம் ஜூன் 6 இல்லை, ஜூன் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை. போன வருடம் அது 6ஆம் தேதி வந்தது, இந்த வருடம் 5ஆம் தேதி. நீங்கள் பழைய பட்டியலை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். ஆக, ஆச்சி திதியும் டோனட் தினமும் ஒரே நாளில் வந்து, இரண்டையுமே தவறவிட்டிருக்கிறீர்கள். பெரியப்பாவிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

டோனட்டையும் அவர் நினைக்கிற மாதிரி ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. முதல் உலகப்போரில் பிரான்ஸ் போர்முனைக்குப் போன சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பின் பெண்கள், சட்டி கிடைக்காத இடத்தில் சிப்பாயின் இரும்புத் தொப்பியில் எண்ணெய் ஊற்றி டோனட் பொரித்துக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் நினைவாகவும், ஏழைகளுக்குப் பணம் திரட்டவும் 1938இல் சிகாகோவில் தொடங்கியது இந்த நாள். இன்றைக்கு அமெரிக்காவில் அது கடைக்காரர்கள் இலவச டோனட் கொடுத்துக் கூட்டம் சேர்க்கிற நாள்.

யார் முடிவு செய்கிறார்கள் என்றால், பல பேர். சிலவற்றை ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டு அறிவிக்கிறது. சிலது சங்கங்களின் பிறந்தநாள்: செப்டம்பர் 2 உலகத் தேங்காய் தினம் என்றால், 1969இல் அந்தத் தேதியில்தான் ஆசிய பசிபிக் தேங்காய்க் கூட்டமைப்பு தொடங்கியது. மார்ச் 30 இட்லி தினம் 2015இல் சென்னையில் இனியவன் என்ற இட்லிக் கலைஞர் ஆரம்பித்தது. இட்லிக்கு ஒரு நாள் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது, வைத்தார். இப்படிப்பட்டவற்றையெல்லாம் சேர்த்துப் புத்தகமாகப் போடுவதை அமெரிக்காவில் வில்லியம் சேஸ் என்பவர் சகோதரரோடு சேர்ந்து 1957இல் ஆரம்பித்தார். அதற்கு யார் வேண்டுமானாலும் தன் நாளை எழுதி அனுப்பலாம். சேர்ப்பதும் விடுவதும் பதிப்பாசிரியர் பாடு.

எங்கள் அத்தை வீட்டு அடுக்களையில் ஒரு தினசரி காலண்டர் தொங்கும். சிவகாசியில் அச்சடித்து, பாத்திரக்கடைக்காரர் பொங்கலுக்கு முன்னால் கொடுத்தது. அத்தை காலையில் தாளைக் கிழித்ததும் எறிய மாட்டாள், கம்பியில் குத்தி வைப்பாள். பின்பக்கம் பால் கணக்கு எழுத. ராகுகாலம், எமகண்டம், சூலம், சந்திராஷ்டமம் எல்லாம் படித்து முடிக்காமல் அடுப்புப் பற்றாது. தை 1, 2, 3 மூன்று நாளும் கரிநாள் என்று போட்டிருக்கும். அதையும் வாய்விட்டுப் படித்துவிட்டு, பொங்கல் பானையை ஏற்றுவாள்.

அந்த ஒரு தாளில் அவள் நாலு கணக்கு பார்த்தாள். மாமா சம்பளத்துக்கும் பால்காரருக்கும் இங்கிலீஷ் தேதி. தாத்தா திதிக்குத் தமிழ் மாதம், வளர்பிறையா தேய்பிறையா என்பது. சாஸ்தா கோயிலுக்குப் போகப் பங்குனி உத்திரம், அது நட்சத்திரம். ஊர் அம்மன் கொடை சித்திரைக் கடைசிச் செவ்வாய், அது கிழமை. பெட்டியில் கிடந்த பழைய பத்திரத்தில் கேரளத்துக் கணக்கான கொல்லம் ஆண்டு வேறு. இந்த ஜூனில் நடப்பது கொல்லம் 1201. ஒரு கணக்கு இன்னொன்றில் இடித்து அவள் குழம்பி நான் பார்த்ததில்லை. ஜூன் முதல் வெள்ளி என்று சொல்லியிருந்தால், "கொடை மாதிரியா?" என்று கேட்டுவிட்டுப் போயிருப்பாள். உங்கள் பட்டியலுக்கு இங்கிலீஷ் தேதி ஒன்றுதான் தெரியும், அதனால்தான் டோனட்டும் தப்பியது, ஆச்சியும் தப்பினார்.

'வரலாற்றில் இன்று' விஷயத்துக்கு வருகிறேன். நம்பலாம், ஆனால் தேதி என்பதே வழுக்குகிற சாமான். இங்கிலாந்தில் 1752 செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14. நடுவில் 11 நாள் கிடையாது, காலண்டரை மாற்றினார்கள். அவ்வளவு தூரம் எதற்கு, நம்ம பாரதி? 1921 செப்டம்பர் 11 இரவு, மணி ஒன்றைத் தாண்டி உயிர் பிரிந்தது. மாநகராட்சிப் பதிவில் 12. நினைவுநாள் கொண்டாடுவது 11. விடிந்தால்தான் மறுநாள் என்கிற நம் வழக்கப்படி 11 சரி, கடிகாரப்படி 12 சரி. வருடா வருடம் இதற்கு ஒரு சண்டை நடக்கும், நானும் போட்டிருக்கிறேன்.

இப்போது உங்கள் ஜூன் 17. காய்கறி நாள் அமெரிக்கப் பட்டியலில் உள்ளதுதான், பொய்யில்லை. ஆனால் நெல்லைச் சீமைக்காரர் அந்தத் தேதிக்குக் கத்தரிக்காய்ப் படம் போட்டால் பெரியப்பா இன்னொரு குரல்பதிவு அனுப்புவார், அது நியாயமாகவும் இருக்கும். 1911இல் அன்றுதான் மணியாச்சி ஜங்ஷனில் நின்ற ரயில் பெட்டிக்குள் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். மனைவியோடு கொடைக்கானல் போகிற வழி. சுட்ட வாஞ்சி ஸ்டேஷன் கழிப்பறைக்குள் போய்த் தன்னையும் சுட்டுக்கொண்டார்.

இந்த மூன்று வரியோடு பட்டியல்கள் நிறுத்திக்கொள்ளும். ஏன் ஜூன் மாதம் என்று கேட்டுப் பாருங்கள். ஐந்தே நாள் கழித்து, ஜூன் 22, லண்டனில் ஐந்தாம் ஜார்ஜுக்கு முடிசூட்டு விழா. வாஞ்சியின் சட்டைப்பையில் கிடைத்த கடிதம் அந்த முடிசூட்டலைத்தான் பேசுகிறது. அதே கடிதம் சனாதன தர்மத்தையும் பேசுகிறது, அதை வைத்துத்தான் இன்றைக்கு வரைக்கும் அவரைப் பற்றிய வாதம் ஓயவில்லை. ஆஷ் 1908இல் தூத்துக்குடியில் சப்-கலெக்டராக இருந்து கோரல் மில் என்ற நூற்பாலையின் வேலைநிறுத்தத்தையும் வ.உ.சி.யின் கப்பல் கம்பெனியையும் எதிர்கொண்டவர். வாஞ்சியின் ஊரான செங்கோட்டை அன்று பிரிட்டிஷ் ஜில்லாவே இல்லை, திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1இல்தான் நம் பக்கம் வந்தது, 2019இல் தென்காசி மாவட்டத்துக்குப் போய்விட்டது. மணியாச்சியும் இப்போது தூத்துக்குடி மாவட்டம். ஆஷ் கல்லறை மட்டும் இங்கே பாளையங்கோட்டையில் இருக்கிறது.

ஜூன் 17க்கு ஐ.நா. நாள் ஒன்றும் உண்டு: பாலைவனமாதலையும் வறட்சியையும் எதிர்க்கிற நாள். 1994இல் அந்தத் தேதியில்தான் அதற்கான உடன்படிக்கை பாரிஸில் ஏற்கப்பட்டது. ஜூன் வெயிலில் மணியாச்சி பிளாட்பாரத்தில் நின்று சுற்றிலும் பார்த்தவருக்கு அது தூரத்து விஷயமாகத் தெரியாது. இரண்டையும் சேர்த்தே போடுங்கள்.

அடுத்த மாதம் 23ஆம் தேதிக்கு உங்கள் பட்டியலில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். வெனிலா ஐஸ்கிரீம் தினம். 1999 ஜூலை 23, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி கேட்டு வந்த ஊர்வலம், போலீஸ் தடியடி. தாமிரபரணியில் 17 உயிர் போனது, அதில் ஒரு சின்னக் குழந்தையும் உண்டு. இப்போதும் அந்த நாளில் ஆற்றில் இறங்கிப் பூப்போடுகிறார்கள். அன்றைக்கு ஐஸ்கிரீம் படம் வேண்டாம். இது ஒன்றை மட்டும் கறாராகச் சொல்கிறேன்.

மற்றபடி நிறுத்த வேண்டாம். இட்லி தினம் போடுங்கள், இடது கைக்காரர் தினம் போடுங்கள், எங்கள் வீட்டிலும் ஒரு இடது கைக்காரி இருக்கிறாள், சந்தோஷப்படுவாள். பட்டியலை மட்டும் ஒரு கணக்கில் வைக்காதீர்கள். உங்கள் ஆச்சி திதி அடுத்த வருடம் ஜூனில் வராது, மே கடைசி வாரத்தில் வந்துவிடும். பெரியப்பாவிடம் கேட்டு எல்லாத் திதியையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கோபம் பாதி அதிலேயே இறங்கிவிடும்.

முடிந்தால் 17ஆம் தேதி மணியாச்சிக்கே ஒரு நடை போய் வந்து, நீங்கள் எடுத்த படத்தைப் போடுங்கள். அன்றைக்குப் புதன்கிழமை, வடக்கே சூலம். ஒரு வாய் பால் குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.