ஹை நோட்டுக்கு மவுத்பீஸ்: ரிம் அப்படியே இருக்கட்டும், கப்பை மட்டும் மாற்றுங்கள்

கேள்வி: கருங்கல் பக்கம் ஓர் ஆலய பேண்ட் செட்டில் ஃபர்ஸ்ட் ட்ரம்பெட் ஊதுகிறேன். ட்ரம்பெட்டோடு வந்த பாக் (Bach) கம்பெனியின் 7சி மவுத்பீஸில்தான் இன்றுவரை ஊதுகிறேன். தேர்ப்பவனியில் முக்கால் மணி நேரம் தாண்டிவிட்டால் மேல் ஏ, பி, ஹை சி சுரங்கள் எதுவும் பிடிபடுவதில்லை, வெறும் காற்றுதான் வருகிறது. பேண்டில் ஒருவர் 14ஏ4ஏ வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா? ஆழம் குறைந்த மவுத்பீஸ் போட்டால் ஹை நோட் ஏறுமா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குவோம். உதடு களைக்காத நேரத்தில் 7சியிலேயே ஹை சி உங்களுக்கு வருகிறது என்றால், ஆழம் குறைந்த கப் (மவுத்பீஸின் கிண்ணம் போன்ற உட்குழிவு) உதவும். அதே நோட்டைக் குறைந்த சிரமத்தில் ஊதலாம், இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கலாம், ஒலியும் தெருவில் பளிச்சென்று முன்னால் வரும். காலையில் புத்துணர்ச்சியோடு ஊதும்போதே ஹை சி வராது என்றால் எந்த மவுத்பீஸும் அதைத் தராது. அதற்குச் சன்னமான லாங் டோனும் (ஒரே சுரத்தை நீட்டி ஊதுவது), லிப் ஸ்லரும்தான் (நாக்கால் வெட்டாமல் உதட்டாலேயே சுரம் மாற்றுவது) வழி.

ஆழம் குறைந்த கப் ஏன் உதவுகிறது என்பதைக் கையாலேயே சோதித்துப் பார்க்கலாம். மவுத்பீஸின் ரிம்மை, அதாவது உதடு படும் வட்ட விளிம்பை, உள்ளங்கையில் லேசாகத் தட்டுங்கள். 'பொப்' என்று ஒரு சத்தம் வரும், அதற்கு ஒரு சுருதியும் இருக்கும். ஆழமான கப்பில் அது கீழே இருக்கும், ஆழம் குறைந்ததில் மேலே ஏறும். அந்தச் சுருதியை ஒட்டிய பகுதியில்தான் மவுத்பீஸ் ட்ரம்பெட்டுக்கு அதிகம் கைகொடுக்கிறது. பொப் மேலே போனால் உதவியும் மேல் ஸ்தாயிக்குப் போகிறது, கீழ் ஸ்தாயி அதே அளவுக்கு மெலிகிறது. கடையில் இரண்டு மவுத்பீஸை ஒப்பிட வேண்டுமென்றால் ஊதுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். அட்டையில் அச்சிட்ட எழுத்தைவிட இது நம்பகமானது.

இனி 14ஏ4ஏ. இது ஷில்கி, யமஹா இரண்டு கம்பெனியும் பயன்படுத்தும் குறியீடு. முதல் எண் ரிம்மின் உள் அகலம், எண் கூடினால் அகலமும் கூடும். அடுத்த எழுத்து கப், இதில் ஏ என்பது ஆழம் மிகக் குறைந்தது. அடுத்த எண் ரிம்மின் வடிவம், கடைசி எழுத்து பேக்போர், அதாவது கப்புக்குப் பின்னால் விரிந்து செல்லும் துளை, ஏ என்றால் ஒடுங்கியது. பாக் குறியீடு இதற்கு நேர் எதிர். அங்கே எண் கூடக் கூட அகலம் குறையும், எழுத்தில் ஏ ஆழமானது, ஈ ஆழம் குறைந்தது. இதைக் கலந்து குழம்பி, 'ஏ கப் கொடுங்கள்' என்று கேட்டு வேறு கம்பெனியின் ஆழமான கப்பை வாங்கி வந்தவர்கள் உண்டு.

14ஏ4ஏ நல்ல மவுத்பீஸ்தான், லீட் (மேல் வரி) ஊதுபவர்களிடம் புகழ்பெற்றது. ஆனால் 7சிக்கு யமஹாவில் நெருங்கியது 11சி4. அதிலிருந்து 14ஏ4ஏவுக்குப் போனால் ரிம் அகலமும் கப் ஆழமும் பேக்போரும் ஒரே நேரத்தில் மாறும். உதட்டுக்கு ரிம்தான் அடையாளம். அது மாறினால் தசை பழகிய இடம் தவறிப்போகும். பிறகு எது உதவியது, எது கெடுத்தது என்று உங்களுக்கே தெரியாது. அதனால் எங்கள் ஆலோசனை: ரிம் எண்ணைத் தொடாமல் எழுத்தை மட்டும் ஒரு படி நகர்த்துங்கள். பாக் 7சி ஊதுபவர் 7டிக்குப் போகலாம். யமஹா 11பி4 ஊதுபவர் 11ஏ4க்குப் போகலாம். 7ஈக்கு நேரே தாவ வேண்டாம். அது அளவில் சிறிய பிக்கோலோ ட்ரம்பெட்டுக்கு அதிகம் பயன்படும் அளவுக்கு ஆழம் குறைந்தது.

ஒரு விதிவிலக்கு உண்டு. பாக் 7சியின் ரிம் உள் விளிம்பு சற்றுக் கூர்மையானது. பவனி முடிந்து பார்க்கும்போது உதட்டில் வெட்டியதுபோல் வட்டக் கோடு பதிந்திருந்தால், உங்கள் பிரச்சினை ஆழம் அல்ல, விளிம்பு உதட்டின் ரத்த ஓட்டத்தை நெரிப்பது. அப்போது 5சி அல்லது 3சி ஊதிப் பாருங்கள். பாக் பட்டியலில் 7சி 16.20 மில்லிமீட்டர், 5சி 16.25, 3சி 16.30. அகல வித்தியாசம் மிகச் சிறியது, ஆனால் விளிம்பின் வளைவு உதட்டுக்கு நன்றாகவே தெரியும். கப்பை மாற்றுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆழம் குறைந்த கப்பில் பெரிதாகக் கெட்டுப்போவது ஒன்று. களைக்கக் களைக்க உதடு வீங்கும், நாமும் அழுத்துவோம், உதடு கப்புக்குள் இறங்கி அடியைத் தொடும். தொட்ட கணம் நோட்டு அறுந்துவிடும். மங்குவதுகூட இல்லை, சட்டென்று நின்றுபோகும். உதடு தடிமனானவர்களுக்கு இது சீக்கிரமே வரும். அதனால் கடையில் ஐந்து நிமிடம் ஊதி முடிவெடுக்காதீர்கள். அந்த ஐந்து நிமிடத்தில் ஆழம் குறைந்த மவுத்பீஸ் எல்லாமே அற்புதமாகத்தான் இருக்கும். ஒரு நாள் கடன் வாங்கி இப்படிச் சோதியுங்கள். கீழ் சியிலிருந்து எஃப் ஷார்ப் வரை மெதுவாக இறங்கி, ஒலி உடைகிறதா பாருங்கள். பிறகு நடு ஜியிலிருந்து ஹை சி வரை ஆர்பெஜியோ (சுரங்களை ஒவ்வொன்றாகத் தாவி ஏறுவது) ஊதுங்கள், சத்தமாக அல்ல, சன்னமாக. சன்னமாக வராத ஹை நோட் அழுத்திப் பெற்ற நோட்டு. அதன்பின் வழக்கமான பவனிப் பாடல்களை ஒரு மணி நேரம் ஊதிவிட்டு, முதல் இரண்டையும் திரும்பச் செய்யுங்கள். அந்த இரண்டாம் முறையில் வருவதை வைத்து முடிவெடுங்கள்.

கூடவே போனில் ஒரு ட்யூனர் ஆப் வையுங்கள். ஆழம் குறைந்த கப்பில் மேல் ஸ்தாயி ஷார்ப் ஆகும், அதாவது சுருதி ஏறிவிடும். நம் ஊர் நடுப்பகல் வெயிலில் ட்ரம்பெட்டே ஷார்ப் ஆகும் என்பதால் இரண்டும் கூடிக்கொள்ளும். சுருதி சேர்க்கும் ஸ்லைடை வெளியே இழுத்தால் நடு சி சரியாகும். ஆனால் ஹை சி அப்போதும் மேலேயே நின்றால் அந்தக் கப் உங்கள் ட்ரம்பெட்டுக்கு ஒத்துவரவில்லை. கீபோர்டோடு சேர்ந்து ஊதும்போது இது எல்லோர் காதிலும் விழும்.

வாங்கும்போது ஷாங்க்கை (ட்ரம்பெட்டுக்குள் செருகும் தண்டு) கவனியுங்கள். சால்வேஷன் ஆர்மி பேண்ட் மரபில் ட்ரம்பெட் போன்ற இன்னொரு வாத்தியமான கார்னெட்தான் பிரதானம், இங்கே கைமாறும் பழைய மவுத்பீஸ்களில் கார்னெட்டுடையதும் கலந்திருக்கும். கார்னெட் ஷாங்க் ஒல்லி. ட்ரம்பெட்டில் மவுத்பீஸ் செருகும் ரிசீவருக்குள் அளவுக்கு மீறி இறங்கும், ஆடும். சரியான ட்ரம்பெட் ஷாங்க் சுமார் 25 மில்லிமீட்டர் உள்ளே போய், அசைவில்லாமல் நிற்கும். அதன் நுனிக்கும் லீட்பைப் (ட்ரம்பெட்டின் முதல் குழாய்) தொடங்கும் இடத்துக்கும் நடுவே ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பது வழக்கம். மிக ஆழமாக இறங்குகிறது என்று சந்தேகம் வந்தால், மெல்லிய கடை பில் தாளை ஷாங்க்கில் ஒரே ஒரு சுற்று சுற்றிச் செருகுங்கள். சுமார் 2 மில்லிமீட்டர் வெளியே வரும். ஹை நோட் அப்போது இறுகப் பிடிபட்டால் குறை கப்பில் இல்லை, பொருத்தத்தில்தான்.

போலிகள் நிறைய. ரிம்மில் விரல் நகத்தைச் சுற்றி ஓட்டுங்கள், எங்கும் தட்டக்கூடாது. பாக்கின் வழக்கமான த்ரோட் (கப்பின் அடியில் உள்ள ஒடுங்கிய துளை) 27ஆம் நம்பர் ட்ரில், அதாவது 3.66 மில்லிமீட்டர். 3.5 மில்லிமீட்டர் ட்ரில் பிட்டின் வழவழப்பான பின்பக்கம் தாராளமாகப் போக வேண்டும், 4 மில்லிமீட்டர் போகவே கூடாது. போனால் யாரோ துளையைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். நீங்களும் லேத் பட்டறையில் கொடுத்து அந்த வேலையைச் செய்யாதீர்கள். துளை பெரிதானால் காற்று அதிகம் செலவாகும், ஹை நோட்டின் பிடிமானம் தளரும், திரும்பச் சுருக்கவும் முடியாது. வெள்ளி முலாம் தேய்ந்து பித்தளை தெரியும் மவுத்பீஸை உதட்டில் வைக்காதீர்கள், புண்ணாகும். கடற்கரை ஊர்களில் ஊதிவிட்டு வந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் மவுத்பீஸ் பிரஷ் விட்டுக் கழுவுங்கள். த்ரோட்டில் படியும் அழுக்குகூட ஹை நோட்டைத் திணற வைக்கும்.

7சியைத் தூக்கிப் போடாதீர்கள். ஆலயத்துக்குள் பாடகர் குழுவோடு கீதம் ஊத அதன் ஒலிதான் பொருந்தும், ஆழம் குறைந்த கப்பின் கூர்மை குரல்களை மறைத்துவிடும். தினசரிப் பயிற்சியில் பெரும்பகுதி அதிலேயே இருக்கட்டும், கடைசிக் கால் மணி நேரம் 7டி. ரிம் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் இரண்டும் உதட்டுக்குப் பழகிவிடும். பவனியில் ஒரு பாட்டு முழுக்க ஃபர்ஸ்ட் ஊதினால் அடுத்த பாட்டின் மேல் வரியை செகண்ட் ட்ரம்பெட்டிடம் விடுங்கள். பத்து நாள் திருவிழாவில் உதட்டைக் காப்பாற்றுவதில் மவுத்பீஸைவிட இதற்குப் பங்கு அதிகம்.

புதியது உதட்டுக்குப் பழகக் குறைந்தது இரண்டு வாரம் வேண்டும். கோட்டார் சவேரியார் திருநாள் டிசம்பர் 3, அதன் பின்னாலேயே கேரல் ரவுண்ட்ஸ் வந்துவிடும். அக்டோபருக்குள் வாங்கிவிடுங்கள். நவம்பர் கடைசியில்தான் கையில் கிடைத்தது என்றால் இந்த வருடத் திருவிழாவை 7சியிலேயே ஊதிவிட்டு, ஜனவரியில் புதியதைத் தொடங்குங்கள்.