ஸ்பின்னேக்கர்: ஏற்றும் முன்பே இறக்கும் வழியைப் பார்த்துக்கொள்ளுங்கள்

கேள்வி: சவுத்தாம்ப்டனில் பழைய 27 அடி பாய்மரப் படகு ஒன்றை வாங்கியிருக்கிறோம். அதோடு ஒரு பை நிறைய ஸ்பின்னேக்கர் பாயும் (பின்காற்றில் படகின் முன்னால் பலூன்போல் விரியும் பாய்), அதை விரித்துப் பிடிக்க ஓர் அலுமினியக் கழியும் வந்தன. படகில் நானும் மனைவியும் மட்டும்தான். இரண்டு பேரால் இந்தப் பாயைச் சமாளிக்க முடியுமா? எப்படிக் கட்டுவது?

பதில்: முடியும். ஆனால் ஏற்றுவது எளிது. இறக்கும்போதுதான் இந்தப் பாய் ஆட்டம் காட்டும். இறக்கும் முறை இருவருக்கும் மனப்பாடமாகும்வரை பையைத் திறக்காதீர்கள்.

முதலில் கயிறுகள். ஷீட் என்றால் துணியல்ல, பாயின் கீழ் முனையிலிருந்து படகின் பின்பக்கம் வரும் கயிறு. கீழ் முனைகள் இரண்டு என்பதால் ஷீட்டும் இரண்டு. காற்று வரும் பக்கத்து ஷீட் கழியின் முனை வழியாகப் போகும்; அப்போது அதன் பெயர் கய். ('கை' என்று எழுதினால், 'கையை விடு' என்று ஒருவர் கத்தும்போது மற்றவர் எதை விடுவார் என்று சொல்ல முடியாது.) ஷீட்டுக்கு 8 மி.மீ. பாலியெஸ்டர் பின்னல் கயிறு போதும். நீளம் படகைப்போல் இரு மடங்கு. உங்களுக்கு ஒவ்வொன்றும் சுமார் 17 மீட்டர். இரண்டும் பாய்மரத்தைத் தாங்கும் பக்கக் கம்பிகளுக்கும் ஓரத்துத் தடுப்புக் கம்பிகளுக்கும் வெளியே ஓடி, பின்மூலையில் உள்ள கப்பி வழியாக விஞ்சுக்கு (கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளை) வர வேண்டும். ஒரு கம்பிக்கு உள்ளே போனாலும் பாய் விரியும் நேரத்தில் அந்தக் கம்பி வளையும். பாயை மேலே இழுக்கும் ஹேலியார்டின் முனையில் முடிச்சு அவசியம். ஷீட் முனைகளில் முடிச்சு கூடவே கூடாது. காரணம் பின்னால் வருகிறது.

கழியின் நீளம், பாய்மரத்தின் முன்முகத்திலிருந்து, அதைப் படகின் முன்நுனியோடு கட்டும் முன் கம்பி வரை உள்ள தூரம்தான். அதைத் தூக்கிப் பிடிக்க ஒரு கயிறு, கீழே இழுத்துப் பிடிக்க ஒரு கயிறு. புதியவர்கள் மறப்பது இரண்டாவதைத்தான். அது இல்லாவிட்டால் முதல் பலத்த காற்றில் கழி வானத்தைப் பார்க்கும், பாய் கட்டுக்கடங்காமல் ஊசலாடும். கழி முனையின் கொக்கி வாய் மேல்நோக்கி இருக்கட்டும். அப்படியிருந்தால் கொக்கியைத் திறந்ததும் கயிறு மேலே விலகிவிடும், கழி கீழே வரும்.

பையில் அடைப்பதை வீட்டுக்கூடத்தில் பழகுங்கள். தலை முனையில் தொடங்கி ஒரு விளிம்பைக் கையால் தடவிக்கொண்டே கீழ் முனை வரை போங்கள். அடுத்த விளிம்பையும் அப்படியே. பெரும்பாலான பாய்களில் ஒரு விளிம்பு சிவப்பு, மற்றது பச்சை. இரண்டும் எங்கும் பின்னிக்கொள்ளவில்லை என்று உறுதியான பிறகு நடுத்துணியைத் திணித்து, மூன்று முனைகளையும் பை வாயில் தனித்தனியாக வெளியே விடுங்கள். பாய் நடுவில் முறுக்கி உடுக்கைபோல் நிற்பதற்குப் பல நேரம் இந்த வேலையில் விட்ட பிழைதான் காரணம்.

ஏற்றும்போது படகில் உணரும் காற்று பின்பக்கவாட்டில், முன்நுனியிலிருந்து 140 பாகை அளவில் இருக்கட்டும். ஜெனோவாவை (முன் கம்பியில் விரியும் வழக்கமான முன்பாய்) சுருட்டாதீர்கள், அதன் மறைவில்தான் ஸ்பின்னேக்கர் காற்றுப் பிடிக்காமல் உச்சிக்குப் போகும். பையை, காற்று போகும் பக்கத்தில், பக்கக் கம்பிக்கு முன்னால் கட்டுங்கள். ஹேலியார்டு ஜெனோவாவுக்கு வெளிப்புறமாக வருகிறதா என்று அண்ணாந்து பாருங்கள். காற்று வரும் பக்கத்தில் கழியை மாட்டி, கய்யை முன் கம்பிக்கு வெளியே சுற்றி, பாயின் முனை கழியை நெருங்கும்வரை இழுங்கள். பிறகு ஒருவர் மூச்சு விடாமல் ஹேலியார்டை இழுக்க வேண்டும். சுக்கானில் இருப்பவர் ஷீட்டைத் தளர்வாகவே வைத்திருக்கட்டும். தலை உச்சியைத் தொட்ட பிறகுதான் கய்யைப் பின்னால் இழுத்து, ஷீட்டை இறுக்கி, கடைசியில் ஜெனோவாவைச் சுருட்டுவது.

விரிந்த பின் மூன்றே கணக்கு. கழி, படகில் உணரும் காற்றுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். கீழ் முனைகள் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கும்படி கழியின் வெளிமுனையை ஏற்றி இறக்குங்கள். ஷீட்டை, காற்று வரும் பக்கத்து விளிம்பு லேசாகச் சுருளும்வரை விட்டு, சுருண்டதும் கொஞ்சம் இழுங்கள். விடாமல் இறுக்கி வைத்திருப்பதுதான் படகைப் புரட்டும்.

பின்காற்று ஏமாற்றும். உண்மையான காற்று 16 நாட் (மணிக்கு 16 கடல் மைல்), படகின் வேகம் 6 என்றால் நீங்கள் உணர்வது 10 தான். படகு திமிறிப் பக்கவாட்டில் திரும்பினால் அதே காற்று 17 ஆகிவிடும். பாயின் மேல் விசை கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அதனால் இருவர் மட்டும் உள்ள படகில் உண்மையான காற்று 10 நாட்டைத் தாண்டாத நாளில் பழகுங்கள். 15 என்றால் இறக்கிவிடுங்கள். படகு திமிறத் தொடங்கினால் சுக்கானோடு மல்லுக்கட்டாதீர்கள், ஷீட்டைத் தளர்த்துங்கள்.

இனி இறக்குவது. ஜெனோவாவை விரியுங்கள். காற்று ஏறக்குறைய நேர் பின்னாலிருந்து வரும்படி படகைத் திருப்பினால் ஸ்பின்னேக்கர், பாய்மரத்துக்குப் பின்னால் நிற்கும் பெரிய பாயின் (மெயின்செயில்) நிழலுக்குள் வரும். அந்த நிழல்தான் உங்கள் பிரேக். கழியை முன் கம்பி வரை விடுங்கள். ஒருவர் அறை வாசலில் நின்று, பெரிய பாயின் அடிக்கழிக்குக் கீழாக, காற்று போகும் பக்கத்து ஷீட்டைக் கையில் பிடித்துக்கொள்ளட்டும். பிடித்தேன் என்று அவர் சொன்ன பிறகு மற்றவர் கய்யை முழுவதுமாக விட வேண்டும். அது தடையில்லாமல் ஓடத்தான் முனையில் முடிச்சு வேண்டாம் என்றோம். பாய் கொடிபோல் பெரிய பாயின் பின்னால் படபடக்கும், இழுவை போய்விடும். கீழ் விளிம்பு முழுவதையும் வாரிச் சேர்த்த பிறகே ஹேலியார்டை, விஞ்சில் ஒரு சுற்று வைத்து, வாருகிற வேகத்துக்கு ஏற்ப விடுங்கள். ஹேலியார்டை முதலில் விட்டால் பாய் தண்ணீரில் விழும். இழுவலைபோல் கடலை அள்ளிக்கொண்டு படகையே நிறுத்தும். எல்லாக் கயிறும் மேலே வந்ததை எண்ணிப் பார்க்காமல் எஞ்சினைத் தொடாதீர்கள், புரொப்பெல்லர் சுற்றிக்கொள்ளும்.

பழைய படகுகளில் ஹேலியார்டு பாய்மர அடியிலேயே முடியும். ஒரு கப்பி போட்டு அதைச் சுக்கான் அருகே கொண்டுவருவது, இருவர் படகில் செலவழிக்கத் தகுந்த முதல் காசு.

முன் கம்பியில் பாய் சுற்றிக்கொண்டால் இழுத்துப் பார்க்கத் தோன்றும், இறுகத்தான் செய்யும். பெரிய பாயை மறுபக்கம் மாற்றுங்கள். அதிலிருந்து சுழன்று வரும் காற்று திசை மாறுவதால் பல நேரம் சுற்றும் தானாக அவிழும். ஸ்பின்னேக்கர் விரிந்திருக்கும்போதே அதைப் பக்கம் மாற்றி ஓட்டுவதை இப்போதைக்கு விடுங்கள். இறக்கி மறுபக்கம் ஏற்றினால் பத்து நிமிடம் போகும், அவ்வளவுதான்.

பயிற்சிக்கு, இளம் தென்மேற்குக் காற்றும் கிழக்கே ஓடும் ஏற்றநீரும் சேரும் காலையில் வைட் தீவின் வடகரையில் யார்மத்திலிருந்து கவ்ஸ் பக்கம் வாருங்கள்; எட்டு ஒன்பது கடல் மைல் காற்று பின்னாலேயே இருக்கும். பிற்பகல் என்றால் கடற்காற்று சேர்ந்து ஏறிவிடும். கவ்ஸுக்குச் சற்று முன் வரும் எகிப்து முனைக்கு முன்பே பாய் பைக்குள் இருக்க வேண்டும். அதற்கப்பால் சவுத்தாம்ப்டன் கப்பல் வழி. அங்கே 150 மீட்டருக்கு மேற்பட்ட கப்பலின் முன்னால் 1000 மீட்டரும் இருபக்கமும் 100 மீட்டரும் சிறு படகுகள் நுழையக் கூடாத பகுதி. ஸ்பின்னேக்கர் விரிந்த படகால் அந்த இடத்தில் நினைத்தபடி விலக முடியாது.