சின்னப் பொருள்களைப் படமெடுக்க போர்ட்ரெய்ட் மோட் உதவுமா?

கேள்வி: கம்பியிலும் மணியிலும் காதணிகள் செய்கிறேன், சிறு களிமண் பொம்மைகளும் செய்வதுண்டு. ஸ்மார்ட்போனில் படமெடுத்துத்தான் விற்கிறேன். பின்னணி மங்கலாக இருந்தால் பொருள் எடுப்பாகத் தெரியும் என்று போர்ட்ரெய்ட் மோடைப் போட்டால், பாதி நேரம் 'தள்ளிச் செல்லவும்' என்று கேமரா சொல்கிறது. தள்ளிப்போய் எடுத்தால் காதணியின் கொக்கி பின்னணியோடு கரைந்துவிடுகிறது. வளையத்தின் நடுவில் மட்டும் பின்னணி பளிச்சென்று தெரிகிறது. கோளாறு என் போனிலா, நான் எடுக்கும் விதத்திலா?

பதில்: இரண்டிலும் இல்லை. போர்ட்ரெய்ட் மோட் மனிதர்களைப் படமெடுக்க உருவான வசதி. ஒன்றரை மீட்டர் தூரத்தில் நிற்கும் ஆளுக்கு அது நன்றாக வேலை செய்யும். மூன்று சென்டிமீட்டர் காதணிக்கு அதே வேலையைச் செய்யச் சொல்லும்போது அதன் வரம்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் வெளிப்படுகின்றன. என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் காதணிகளுக்கு அந்த மோட் வேண்டாம். சாதாரண மோடிலேயே, லென்ஸ் இயல்பாகத் தரும் மங்கலைக் கொண்டு, இதைவிட நல்ல படம் எடுக்கலாம். பொம்மைகளில் சிலவற்றுக்கு மட்டும் போர்ட்ரெய்ட் பயன்படும்.

கேமரா ஏன் 'தள்ளிச் செல்' என்கிறது என்பதிலிருந்து வருகிறேன். போர்ட்ரெய்ட் மோடில் பின்னணியை மங்கலாக்குவது மென்பொருள். அதற்கு முதலில் எது அருகில், எது தொலைவில் என்று தெரிய வேண்டும். முகத்துக்கு நேரே ஒரு விரலை நீட்டி, இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறி மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறுவதுபோல் தெரியும். தொலைவில் உள்ள சுவர் அவ்வளவாக அசையாது. எவ்வளவு இடம் மாறுகிறது என்பதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடலாம். 2016இல் வந்த ஐபோன் 7 பிளஸ் இரண்டு லென்ஸ்களை வைத்து இதைத்தான் செய்தது. 2017இல் கூகுள் பிக்சல் 2 ஒரே லென்ஸில் இதைச் சாதித்தது. சென்சாரின், அதாவது ஒளியைப் பதியும் சில்லின், ஒவ்வொரு புள்ளியும் இரு பாதிகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், லென்ஸின் இடப்பக்கம், வலப்பக்கம் வழியாக வரும் இரு காட்சிகளை அது ஒப்பிட்டது. அந்த இரு காட்சிகளுக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இப்படிக் கிடைக்கும் தூரக் கணக்கை ஒரு வரைபடமாக வைத்துக்கொண்டு, எங்கே எவ்வளவு மங்கலாக்குவது என்று போன் முடிவு செய்கிறது. சில போன்கள் ஆளை அடையாளம் கண்டால்தான் இந்த வேலையையே தொடங்கும். 2018இன் ஐபோன் எக்ஸ்ஆர் அப்படித்தான்; பொருள்களை நோக்கித் திருப்பினால் அதன் சொந்த கேமரா செயலி போர்ட்ரெய்ட் எடுக்க மறுத்துவிடும்.

பல போன்களில் போர்ட்ரெய்ட் மோட், தொலைவில் உள்ளதைப் பெரிதாக்கிக் காட்டும் டெலிஃபோட்டோ லென்ஸைப் பயன்படுத்துகிறது. அந்த லென்ஸால் பெரும்பாலும் அரை மீட்டருக்குள் இருக்கும் பொருளை ஃபோகஸ் செய்ய முடியாது. அதுவும் இன்னொரு லென்ஸும் சேர்ந்து தெளிவாகப் பார்த்தால்தான் தூரக் கணக்கு வரும். ஒன்று தெளிவாகவும் மற்றொன்று கலங்கலாகவும் பார்த்தால் ஒப்பிட எதுவும் இல்லை. எனவே அந்த எச்சரிக்கையை ஏமாற்ற வழி தேடாதீர்கள்.

கொக்கி கரைவதற்கான காரணம் வேறு. படத்தில் ஒரு கோடிக்கும் மேல் புள்ளிகள் இருந்தாலும், தூர வரைபடத்தில் அதைவிட மிகக் குறைவான விவரமே இருக்கும். மெல்லிய கம்பி அதில் பதிவதே இல்லை, அல்லது துண்டு துண்டாகப் பதிகிறது. பதியாத இடம் பின்னணிக் கணக்கில் சேர்ந்து மங்கிவிடுகிறது. வளையத்தின் நடுத்துளையில் நடப்பது இதன் மறுபக்கம். சிறிய துளைகளைப் பொருளின் பகுதியாகவே மென்பொருள் நிரப்பிவிடுவதால், அதனூடே தெரியும் பின்னணி மங்காமல் நிற்கிறது. கண்ணாடி மணி, பளபளக்கும் உலோகம் என்றால் குழப்பம் இன்னும் கூடும். மணிக்குள் தெரிவது அதன் பின்னால் இருக்கும் காட்சி. உலோகத்தில் தெரிவது எதிரே இருக்கும் அறை. அவற்றின் தூரத்தை அளந்துவிட்டு அதுதான் பொருளின் தூரம் என்று போன் எடுத்துக்கொள்ளும்.

கம்பி வேலை செய்பவர்களுக்கு ஒரு நுணுக்கம் சொல்ல வேண்டும். இரு லென்ஸ்கள் எந்தத் திசையில் வரிசையாக இருக்கின்றனவோ, அதே திசையில் ஓடும் கோட்டின் தூரத்தை அவற்றால் கணக்கிட முடியாது. அந்தக் கோடு தன் நீளவாக்கிலேயே நகர்ந்தாலும் ஒரே மாதிரிதான் தெரியும். இந்தச் சிக்கலுக்கும் தீர்வாக 2019இன் பிக்சல் 4இல் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்த இரண்டு திசைகளில் ஒப்பிடும் முறையைக் கொண்டுவந்தார்கள். இரண்டு லென்ஸ்களை வைத்துக் கணக்கிடும் போன் உங்களுடையது என்றால், கம்பி ஓடும் திசைக்குக் குறுக்காக லென்ஸ் வரிசை அமையும்படி போனைத் திருப்பிப் பிடித்துப் பாருங்கள். சில படங்களில் கொக்கி தப்பிவிடும். எல்லாவற்றிலும் தப்பும் என்று சொல்ல மாட்டேன்.

இனி நான் பரிந்துரைக்கும் முறை. போன் கேமராவில் இயற்கையான மங்கல் வராது என்று பலர் நம்புகிறார்கள். தூரக் காட்சிகளுக்கு அது ஓரளவு உண்மை. அருகில் இருக்கும் பொருளுக்கு இல்லை. எந்த லென்ஸாக இருந்தாலும், பொருளை நெருங்க நெருங்கத் தெளிவாக விழும் பகுதியின் ஆழம் வேகமாகச் சுருங்கும். தூரம் பாதியானால் ஆழம் ஏறக்குறைய நான்கில் ஒன்றாகிவிடும். பெரிய சென்சார் உள்ள இன்றைய போனின் பிரதான லென்ஸில் 20 செ.மீ. தூரத்திலிருந்து எடுத்தால், தெளிவாக இருப்பது சுமார் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம் மட்டுமே. காதணிக்கு அது போதும். அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் தானாகவே கலங்கும். இங்கே எந்த ஊகமும் இல்லாததால் கொக்கியும் துளையும் உள்ளது உள்ளபடி வரும்.

மங்கலைத் தீர்மானிப்பது பொருளுக்கும் பின்னணிக்கும் உள்ள இடைவெளி. அதற்கு எளிய கணக்கு உண்டு. கேமராவிலிருந்து பொருள் 20 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பொருளுக்குப் பின்னால் இன்னொரு 20 செ.மீ. விட்டுப் பின்னணியை வைத்தால், அந்த நிலையில் லென்ஸால் தரக்கூடிய அதிகபட்ச மங்கலில் பாதி கிடைக்கும். 80 செ.மீ. விட்டால் ஐந்தில் நான்கு பங்கு. அதற்கு மேல் அறையின் மறுகோடிவரை தள்ளினாலும் கூடுதலாகக் கிடைப்பது கொஞ்சம்தான். காதணியை மேஜைமேல் கிடத்தி மேலிருந்து எடுத்தால் பின்னணி ஒட்டியே இருப்பதால் மங்கலே வராது. ஒரு மெல்லிய குச்சியிலோ நூலிலோ தொங்கவிட்டு, அதன் மட்டத்துக்கு போனைத் தாழ்த்தி எடுங்கள். பொம்மை என்றால் மேஜையின் முன்விளிம்பில் வையுங்கள்.

நெருங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். குறிப்பிட்ட தூரத்துக்குள் போனால் பல போன்கள் கேட்காமலேயே மிக நெருக்கத்தில் எடுக்கும் மேக்ரோவுக்கு, அதாவது அகலமான காட்சிக்கான அல்ட்ரா வைடு லென்ஸுக்கு, மாறிவிடும். திரையில் காட்சி சற்றுத் துள்ளினால் மாறிவிட்டது என்று பொருள். அந்த லென்ஸில் ஒளி நுழையும் துளை சிறியது. அதே தூரத்தில் பிரதான லென்ஸ் தரும் மங்கல் அதில் கிடைக்காது. ஓரங்களில் உருவம் இழுபடும். இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குப் போனால் போனின் நிழலே பொருள்மேல் விழும். மணியின் மேற்பரப்பு வேலைப்பாட்டைக் காட்ட மேக்ரோ அருமையானது. முழுக் காதணிக்கு வேண்டாம். திரையில் வரும் பூக் குறியைத் தொட்டோ அமைப்புகளிலோ அதை அணைத்துவிட்டு, பிரதான லென்ஸ் தெளிவாகப் பார்க்கும் அளவுக்குப் பின்வாங்கி, 2 மடங்கு ஸூமில் எடுங்கள். பொருளின் வடிவமும் கோணலாகாது.

ஃபோகஸை போனிடம் விடாதீர்கள். வாங்குபவர் பார்க்க வேண்டிய இடத்தைத் தொட்டு, விரலைச் சற்று அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் ஃபோகஸ் அங்கேயே பூட்டிக்கொள்ளும். கை நடுக்கத்தால் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலும் கூர்மை போய்விடும் என்பதால், போனை எதன்மீதாவது சாய்த்து நிறுத்தி, மூன்று வினாடி டைமரில் எடுப்பது நல்லது. ஒளிக்கு ஜன்னல் ஓரம் போதும். நேர் வெயில் விழக் கூடாது. நிழல் குறைய எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தாள்.

களிமண் பொம்மையில் மூக்கு தெளிவாகவும் காது கலங்கலாகவும் வரும் சிக்கலைச் சந்திப்பீர்கள். மங்கல் தேவைக்கு மேல் வந்துவிட்டது என்று அர்த்தம். இருமடங்கு தூரம் பின்வாங்கினால் தெளிவின் ஆழம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். படத்தை பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

பொம்மை ஒரு தண்ணீர் பாட்டில் அளவுக்கு உயரமாக, ஒளி ஊடுருவாததாக, விளிம்புகள் ஒழுங்காக இருந்தால் போர்ட்ரெய்ட் மோடை நம்பலாம். அரை மீட்டருக்கு மேல் தள்ளி நில்லுங்கள். பொருளின் நிறத்திலிருந்து வேறுபட்ட, ஏதேனும் வடிவம் உள்ள பின்னணி இருக்கட்டும்; வெற்றுச் சுவரில் ஒப்பிட அடையாளம் இல்லாமல் தூரக் கணக்கு தடுமாறும். வெற்றுச் சுவர்தான் பின்னணி என்றால் மங்கலாக்க என்ன இருக்கிறது? சாதாரணமாகவே எடுத்துவிடலாம். மங்கலின் அளவை மாற்றும் அளவுகோலில் (எண் சிறியதானால் மங்கல் அதிகம்) எஃப் 1.4 என்ற முனைக்குப் போகாமல், எஃப் 4 அல்லது 5.6 அருகில் நிறுத்துங்கள். மங்கல் மிதமாக இருந்தால் விளிம்புப் பிழைகள் கண்ணில் படாது.

எடுத்த படத்தை அனுப்புவதற்கு முன் முழு அளவுக்குப் பெரிதாக்கி விளிம்பைச் சுற்றி ஒருமுறை பாருங்கள். விற்பனைப் படத்தில் இது முக்கியம்: கொக்கி கரைந்த படத்தைப் பார்ப்பவர் அது கொக்கி இல்லாத காதணி என்றே நினைப்பார். பிழை தெரிந்தால் மீண்டும் எடுக்க வேண்டும் என்பதில்லை. பெரும்பாலான போன்களில் படத்தைத் திருத்தும் பகுதிக்குப் போய் மங்கலைக் குறைக்கலாம். போர்ட்ரெய்டை முழுதாக அணைத்தால் மூலப்படம் திரும்பிவிடும். அனுப்பும்போது சில செயலிகள் அந்தத் தூர வரைபடத்தை நீக்கிவிடும் என்பதால், திருத்தத்தை எடுத்த போனிலேயே முடித்துவிட்டு அனுப்புங்கள்.