32 பக்கக் கதையும் இரண்டு நாள் ஷூட்டிங்கும்

கேள்வி: வேலைக்குப் போய்க்கொண்டே குறும்படம் எடுக்க ஆசைப்படுகிறேன். 32 பக்கத்துக்குத் திரைக்கதை எழுதிவிட்டேன், இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நண்பர்கள் மூன்று பேர் கூட இருக்கிறார்கள். ஒரு சனி, ஞாயிறில் எடுத்து முடித்துவிடலாம் என்று திட்டம். கடன் வாங்கியாவது நல்ல கேமரா வாங்கப் போகிறேன். எது வாங்கலாம்? எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டைப் பின்னணியில் போடலாமா? படத்தை முதலில் யூடியூபில் போடுவதா, விழாக்களுக்கு அனுப்புவதா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

கேமரா வாங்காதீர்கள். கடன் வாங்கி நிச்சயமாக வேண்டாம். உங்கள் கடிதத்தில் பாதி கேமராவைப் பற்றித்தான் இருந்தது. எனக்கென்னவோ கவலை அந்த 32 பக்கங்களைப் பற்றி.

இரண்டு தடவை படித்தேன். அப்பா இறந்ததும், பத்து வருடமாகப் பிரிந்திருந்த அண்ணன் வீட்டுக்கு வருகிறார். வீட்டை விற்பதா வேண்டாமா என்று தம்பியோடு தகராறு. நடுவில் இருவருடைய சிறுவயது, அண்ணனின் காதல், மழையில் ஒரு விபத்து, ஆஸ்பத்திரி, ரயில் நிலையம். எண்ணிப் பார்த்தால் 9 இடங்கள், 14 பாத்திரங்கள், அதில் இரண்டு பேர் குழந்தைகள். முழுநீளப் படத்துக்கு யோசித்ததைப் பிழிந்து குறும்படமாக்கப் பார்க்கிறீர்கள். பத்தில் ஒன்பது பேர் முதல் தடவை செய்வது இதைத்தான். நானும் செய்தேன்.

சினிமாவின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்கள் 1895-இல் காட்டிய ஒரு படம் ஒரு நிமிடம்கூட ஓடாது. தோட்டக்காரர் ஒருவர் செடிக்குத் தண்ணீர் விடுகிறார். பின்னால் ஒரு பையன் வந்து குழாயை மிதிக்கிறான். தண்ணீர் நிற்கிறது. என்ன ஆச்சு என்று அவர் குழாய் முனையை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க, பையன் காலை எடுக்கிறான். முகமெல்லாம் தண்ணீர். துரத்திப் பிடித்து இரண்டு போடுகிறார். அவ்வளவுதான் படம். தோட்டக்காரருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, பையன் யார் வீட்டுப் பிள்ளை என்றெல்லாம் நாம் கேட்பதில்லை.

உங்கள் 19-ஆம் பக்கத்தில் அப்படி ஒன்று இருக்கிறது. மின்சாரம் போன இரவில் அண்ணனும் தம்பியும் அப்பாவின் அலமாரிச் சாவியைத் தேடுகிறார்கள். சாவி தம்பியின் பையிலேயே இருக்கிறது. அது நமக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியாது. படிக்கும்போது நிமிர்ந்து உட்கார்ந்தேன். மற்ற 31 பக்கங்களையும் எடுத்து வைத்துவிட்டு, இந்த ஒரு காட்சியையே படமாக எழுதிப் பாருங்கள். இரண்டு நடிகர்கள், ஒரு வீடு. வீட்டை விற்கிற சண்டையும் பத்து வருடப் பிரிவும் அந்தத் தேடலுக்குள் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். "ஒரு தடவையாவது போன் பண்ணினாயா?" என்ற வசனம்கூட வேண்டாம். எந்த அறையின் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று அண்ணனுக்கு மறந்துபோயிருந்தால் போதும்.

ஒரே ஒரு மாற்றம். இரவை மாலையாக்குங்கள். மின்சாரம் போன இருட்டைப் படம்பிடிப்பது சாதாரண வேலையில்லை. பார்ப்பவர் கண்ணுக்கு அது இருட்டாகத் தெரிய வேண்டுமென்றால் செட்டில் கணிசமாக விளக்குப் போட்டாக வேண்டும், அதுவும் விளக்குப் போட்டது தெரியாமல். ஒரு ஜன்னல் வெளிச்சம் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும். நடிகரை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நிறுத்துங்கள், முகத்தில் ஒரு பாதி வெளிச்சமும் ஒரு பாதி நிழலுமாக விழும். வெயில் நேராக அடித்தால் வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டிவிடுங்கள். வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் நகரும் என்பதால், ஜன்னலைப் பார்த்து வைக்கிற ஷாட்டுகளை எல்லாம் ஒரேயடியாக முடித்துவிட்டு அப்புறம் எதிர்ப்பக்கம் திரும்புங்கள். கதை வரிசையில் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இரண்டு நாள் கணக்குக்கு வருவோம். ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று எல்லோரும் சொல்வது, கூரியர் எழுத்தில் 12 பாயிண்டில் ஆங்கிலத் திரைக்கதை அடிக்கிற வடிவத்தை வைத்து வந்த கணக்கு. தமிழில் நம் இஷ்டத்துக்கு அடித்துவிட்டு அதை நம்ப முடியாது. கையில் ஸ்டாப்வாட்ச்சை வைத்துக்கொண்டு, நடப்பதற்கும் மௌனத்துக்கும் நேரம் விட்டு, வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அதுதான் நீளம். அப்புறம் ஷாட்டுகளை எண்ணுங்கள். கேமராவை ஓரிடத்தில் வைத்து, வெளிச்சம் சரிபார்த்து, ஒத்திகை பார்த்து, நாலைந்து டேக் போக, புதிய ஆட்களுக்கு அரைமணி நேரம் ஓடிவிடும். பத்து மணி நேர நாளில் 20 ஷாட். சாப்பாடு, யாரோ ஒருவர் தாமதமாக வருவது, இதையெல்லாம் கழித்தால் 15. இரண்டு நாளைக்கு 30. உங்கள் 32 பக்கத்தில் 200 ஷாட்டாவது வரும். சாவி தேடும் காட்சி 30-க்குள் அடங்கும்.

சரி, கேமரா. உங்களிடம் இருக்கிற போன் போதும். அமெரிக்க இயக்குநர் ஷான் பேக்கர் 2015-இல் வெளிவந்த தன் முழுநீளப் படம் ஒன்றை ஐபோன் 5எஸ்-இல் எடுத்தார், அது அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. இதைச் சொல்லும் பலர் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்: போனின் முன்னால் தனி லென்ஸ் மாட்டியிருந்தார், ஒலியைத் தனிக் கருவிகளில் பதிவு செய்தார். போனில் எடுக்கும்போது எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் (வண்ணச் சமநிலை) மூன்றையும் லாக் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் நடிகர் ஜன்னலைத் தாண்டி நடக்கும்போது படம் தானாக இருண்டு, தானாக வெளுக்கும். பார்த்தவுடனேயே வீட்டு வீடியோ என்று தெரிந்துவிடும். ஃபிரேம் ரேட், அதாவது விநாடிக்கு எத்தனை படம் என்பது, 24 அல்லது 25, ஏதாவது ஒன்றில் நில்லுங்கள், நடுவில் மாற்றாதீர்கள். பல போன்கள் ஃபிரேம் ரேட்டைத் தாமாகவே ஏற்றி இறக்கும். எடிட்டிங்கில் உதடும் குரலும் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போவதற்கு அதுதான் காரணம். ஃபிரேம் ரேட் மாறாமல் பிடிக்கும் கேமரா ஆப் ஒன்றை ஏற்றிக்கொள்ளுங்கள். போனை ஏர்பிளேன் மோடில் போடுங்கள், நல்ல டேக் நடுவில் அழைப்பு வரும் அவலம் வேண்டாம்.

கேமராவுக்கு வைத்திருந்த பணத்தில் ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்து, சட்டையில் மாட்டுகிற லேப்பல் மைக் இரண்டு வாங்குங்கள், அல்லது வாடகைக்கு எடுங்கள். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். வசனம் கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள்.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. என் முதல் குறும்படத்தை முழுக்க முழுக்கக் கேமராவிலேயே இருந்த மைக்கில் பதிவு செய்தேன். எடிட்டிங்கில் உட்கார்ந்தால், ஒவ்வொரு வசனத்துக்கும் பின்னால் ஃபிரிட்ஜ் முனகுகிறது. ஷாட் மாறும்போது முனகலும் மாறுகிறது. டப்பிங் பண்ணிக்கொள்ளலாம் என்று நாலு மாதம் கழித்து நடிகரைக் கூப்பிட்டேன். பாவம், வந்தார், ஆனால் அந்த அழுகை அவருக்குத் திரும்ப வரவில்லை. ஜலதோஷம்தான் வந்திருந்தது. இன்றைக்கும் அந்தப் படத்தை யாருக்கும் நான் காட்டுவதில்லை.

மைக் வாயிலிருந்து தள்ளிப் போகப் போகக் குரல் இறங்கும். தூரம் இரண்டு மடங்கானால் சுமார் 6 டெசிபெல் குறையும். அறையின் எதிரொலியோ அதே அளவில் இருக்கும். அதனால்தான் தூரத்து மைக்கில் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கிறது. எடிட்டிங்கில் சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்து கூடும். மைக் இரண்டு அடிக்குள் இருக்கட்டும். ஹெட்போன் போட்டுக் கேட்பதற்கென்றே ஒரு நண்பரை உட்கார வையுங்கள், அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். ஃபேனையும் ஃபிரிட்ஜையும் நிறுத்துங்கள். ஃபிரிட்ஜை நிறுத்துகிறவர் தன் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிட வேண்டும். ஒலிப்பதிவாளர்களின் பழைய தந்திரம் இது, மறுபடி போடாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் கேமராவுக்கு எதிரே ஒரு கை தட்டல், அதை வைத்துத்தான் படத்தையும் ஒலியையும் பொருத்துவீர்கள். இடத்தை விட்டுக் கிளம்புமுன் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு 30 விநாடி வெறும் அறையைப் பதிவு செய்யுங்கள். வசனங்களுக்கு நடுவில் வெட்டு விழுகிற இடங்களை அந்த மௌனத்தை வைத்துத்தான் அடைக்க முடியும்.

நடிகர்களோடு குறைந்தது இரண்டு மாலை ஒத்திகை பாருங்கள், முடிந்தால் அதே வீட்டில். நண்பர் என்பதற்காக யாரையும் போடாதீர்கள். சம்பளம் கொடுக்க முடியாவிட்டாலும் வேளாவேளைக்குச் சாப்பாடு கொடுங்கள், சொன்ன நேரத்துக்கு அனுப்பிவிடுங்கள். நடிக்கிறவரிடமும் வீட்டுக்காரரிடமும் ஒரு பக்கத்தில் எழுத்துமூலம் சம்மதம் வாங்கிவிடுங்கள். நண்பர்கள்தானே, எதற்கு என்று தோன்றும். பின்னால் பெரிய விழா ஏதாவது கேட்கும்போது அந்த நண்பர் எங்கேயோ இருப்பார். எடுத்ததை அன்றன்றைக்கு இரண்டு இடத்தில் காப்பி செய்த பிறகுதான் போனிலிருந்து அழிக்க வேண்டும்.

எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பு உங்களுக்குத் தாராளம், வண்ணத்தையும் ஒலியையும் அதிலேயே சரிசெய்யலாம். ரஃப் கட், அதாவது முதல் தடவை கோத்துப் பார்ப்பது, முடிந்ததும் கதையைப் படிக்காத ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து விளக்காதீர்கள். திரையைப் பார்க்காமல் அவரைப் பாருங்கள், எங்கே போனை எடுக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் "நல்லா இருக்கா?" என்று கேட்டால் "சூப்பர்" என்பார், அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. "என்ன கதை, சொல்லுங்கள்" என்று கேளுங்கள். சாவி தம்பியிடம் இருந்தது அவருக்குப் புரியவில்லை என்றால் அது உங்கள் தவறு, அவர் தவறில்லை.

பாட்டு விஷயம். வேண்டாம். ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன, மெட்டுக்கும் வரிக்கும் ஒன்று, பதிவு செய்யப்பட்ட ஒலிக்கு ஒன்று. படத்தில் சேர்க்க இரண்டுக்கும் அனுமதி வாங்க வேண்டும், பெரும்பாலும் இரண்டும் வெவ்வேறு ஆட்களிடம் இருக்கும். 30 விநாடிக்குள் என்றால் பரவாயில்லை, நன்றி போட்டால் பரவாயில்லை என்பதெல்லாம் கட்டுக்கதை. இசை தெரிந்த நண்பர் இருந்தால் அவரைக் கேளுங்கள். இல்லாவிட்டால் இசையே இல்லாமல் எடுங்கள். அலமாரிகளைத் திறந்து மூடுகிற சத்தம் இந்தக் கதைக்குப் போதும் என்று நினைக்கிறேன்.

யூடியூபா, விழாவா? விழா முதலில். ஏற்கனவே இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கிற படத்தைச் சில விழாக்கள் எடுத்துக்கொள்வதில்லை. யூடியூபில் போட்டதைப் பிறகு நீக்கினாலும் 'முதல் திரையிடல்' திரும்பக் கிடைக்காது. விழாக்காரர்களுக்கு மட்டும் கடவுச்சொல் போட்ட இணைப்பை அனுப்புங்கள், ஒரு வருடம் சுற்றி வந்த பிறகு எல்லோருக்கும் திறந்துவிடுங்கள். நுழைவுக் கட்டணம் வாங்குகிற விழாக்கள் புற்றீசல்போல் பெருகிவிட்டன, மாதத்துக்கொரு தடவை விருது கொடுப்பவையும் உண்டு. கட்டுவதற்குமுன் அந்த விழா உண்மையில் ஏதாவது ஒரு அரங்கில் படம் போடுகிறதா என்று பாருங்கள். நீளத்தையும் கவனியுங்கள். ஆஸ்கர் குறும்படப் பிரிவில் டைட்டிலோடு சேர்த்து 40 நிமிடம்வரை போகலாம், பிரான்ஸின் கான் திரைப்பட விழாவின் குறும்படப் போட்டியில் 15 நிமிடம்தான். வரிசையாகப் பல படங்களைச் சேர்த்து ஒரு காட்சியாகப் போடுகிறவர்களுக்கு எட்டு நிமிடப் படத்துக்கு இடம் கண்டுபிடிப்பது எளிது, முப்பது நிமிடப் படத்துக்குக் கஷ்டம். வேறு மொழிக்காரர்களும் பார்ப்பார்கள், சப்டைட்டில் ஒரு நேரத்தில் இரண்டு வரிக்குமேல் போக வேண்டாம்.

தம்பி வேடத்தில் நீங்களே நடிக்கலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் கேட்டிருந்தீர்கள். இந்தப் படத்தில் வேண்டாம். டேக் ஓடும்போது அண்ணனின் முகத்தைக் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். இருக்கிற நாலு பேரில் ஒருவர் கேமராவில், ஒருவர் ஹெட்போனில், இன்னொருவர் தட்டுமுட்டுச் சாமான்களோடு. மிச்சம் இருப்பது நீங்கள்தான்.