சிறுகதையை மட்டும் நம்பி – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆறு ஆண்டுகளாகக் குற்றக்கதைகளைச் சிறுகதை வடிவில் மட்டுமே எழுதி வருகிறேன். இதுவரை 11 கதைகள் வெளியாகியுள்ளன. நாவல் எழுதாமல் இத்துறையில் நிலைக்க முடியாது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். கதைக்கொரு துப்பறிவாளர், கதைக்கொரு களம் என்று தேடியே களைத்துப் போகிறேன். சிறுகதையை மட்டும் நம்பி ஒருவர் வாழ்நாள் முழுக்க இயங்க முடியுமா? அண்மைக் கதையொன்றை இணைத்துள்ளேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முடியும். அப்படி இயங்கியவர் அமெரிக்க எழுத்தாளர் எட்வர்ட் டி. ஹோக். 1930இல் நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டரில் பிறந்து 2008இல் மறைந்த அவர், 900க்கும் மேற்பட்ட சிறுகதைகளை எழுதினார். நாவல்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. 1973 மே மாதம் தொடங்கி அவர் மறையும் வரை 'எல்லரி குவீன்ஸ் மிஸ்டரி மேகசின்' இதழ் ஒன்றுகூட அவர் கதை இல்லாமல் வெளிவந்ததில்லை. அமெரிக்க மர்மக்கதை எழுத்தாளர் சங்கம் 2001இல் அவருக்கு வாழ்நாள் சாதனைக்கான கிராண்ட் மாஸ்டர் விருதளித்தது.

முதல் கதை 1955இல் அச்சேறியது. முழுநேர எழுத்துக்கு அவர் வந்தது 1968இல்தான். இடைப்பட்ட காலத்தில் விளம்பர நிறுவனமொன்றில் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். ஆறு ஆண்டுகளில் சோர்ந்துபோகும் எவருக்கும் இந்தக் கணக்கைத்தான் முதலில் சொல்வேன்.

உங்கள் களைப்புக்கான விடையும் அவரிடமே இருக்கிறது. ஹோக் கதைதோறும் புதிய ஆளைத் தேடவில்லை. கதைகளைத் தாமே பிறப்பிக்கக்கூடிய சில பாத்திரங்களை உருவாக்கிவிட்டு அவர்களிடமே திரும்பத் திரும்பச் சென்றார். நிக் வெல்வெட் என்ற திருடனைப் பாருங்கள். பணம், நகை, கலைப்பொருள் எதையும் அவன் தொடமாட்டான். எவருக்கும் பயன்படாத, மதிப்பற்ற பொருளை மட்டுமே கூலிக்குத் திருடித் தருவான். ஒரு கதையில் நீச்சல்குளத்துத் தண்ணீரைத் திருடும் வேலை அவனுக்கு வருகிறது. அவ்வளவு தண்ணீரை எப்படிக் கொண்டுபோவான் என்பது ஒரு முடிச்சு. அதற்குப் போய் ஒருவர் ஏன் ஆயிரக்கணக்கான டாலர் தருகிறார் என்பது இன்னொன்று. பாத்திரத்துக்கு விதித்த ஒற்றை நிபந்தனை ஒவ்வொரு கதைக்கும் இரண்டு புதிர்களைத் தந்துவிடுகிறது. திருடவேண்டிய பொருளை மாற்றினால் அடுத்த கதை தொடங்கிவிடும். நடக்கவே முடியாதவையாகத் தோன்றும் குற்றங்களை மட்டுமே எதிர்கொள்ளும் கிராமத்து மருத்துவர் சாம் ஹாத்தார்னும் இப்படி உருவானவர்தான்.

எல்லோரும் ஹோக்கின் வேகத்தில் எழுத வேண்டியதில்லை. இன்னொரு அமெரிக்கக் குற்றக்கதை எழுத்தாளரான ஸ்டான்லி எல்லின் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சிறுகதைதான் எழுதினார். அவரும் முன்னோடிகளின் வரிசையில்தான் வைக்கப்படுகிறார். என்னைப் பொறுத்தவரை எல்லினின் கதைகள் இன்னும் ஆழமானவை. ஆனால் அவர் நாவல்களும் எழுதியவர் என்பதால் உங்கள் கேள்விக்கு ஹோக்கே பொருத்தமானவர்.

நீங்கள் இணைத்த கதையில், பிணவறைப் பணியாளர் இறந்தவரின் செருப்பு தேய்ந்திருக்கும் விதத்தைப் பார்த்து, அது அவருடையதல்ல என்று கண்டுகொள்கிறார். எழுந்து உட்கார்ந்து வாசித்தேன். அவரை ஏன் ஒரே கதையோடு அனுப்பிவிட்டீர்கள்? பிணவறையை விட்டு வெளியே வராமல், தன்முன் கொண்டுவரப்படுவதை மட்டும் பார்த்து உண்மையை அறிபவர் என்று அவருக்கும் ஒரு நிபந்தனை வைத்து, இரண்டாவது கதையை எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்