ரொட்டியை விட்டாச்சு, வயிறு விடவில்லையே!

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே முறைப்பாடுதான். சீலியாக் நோய் என்றார்கள், கோதுமை மாவை நிறுத்தினோம், இன்னும் சுகமில்லை. கோதுமையில் உள்ள குளுட்டன் என்ற புரதம் சிலருக்குச் சிறுகுடலைப் பழுதாக்கும், அதுதான் சீலியாக். ரொட்டியும் கட்டச்சம்பலும் தின்று வளர்ந்த நமக்கு இந்த நோயே பாதித் தண்டனை. பத்தியம் இருந்தும் வயிறு இரைந்தால் கோபம் வராதா?

ஹட்டன்: மிஸ், எனக்கு 34 வயது. தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். சீலியாக் என்று தெரிந்து நாலு மாசம். ரொட்டி, பாண், பணிஸ் எதையும் வாயில் வைப்பதில்லை. அப்படியும் வாரத்தில் ரெண்டு மூணு நாள் வயிறு ஊதுது, பேதியும் போகுது. ரொட்டி தட்டுவது வீட்டாளுகளுக்கு மட்டும்தான்.

உங்கள் கடைசி வரியை நான் இரண்டு தடவை வாசித்தேன். ரொட்டியை விட்டீர்கள். மாவை விட்டீர்களா?

கணக்கைப் பாருங்கள். ஒரு துண்டு பாணில் ஏறக்குறைய 2 கிராம் குளுட்டன் இருக்கும். நாளுக்கு 50 மில்லிகிராம், அதாவது அந்தத் துண்டில் நாற்பதில் ஒரு பங்கு, மூன்று மாதம் தொடர்ந்து போனாலே குடல் பழுதாவது ஆய்வில் தெரிந்திருக்கிறது. சூட்டில் குளுட்டன் அழியாது. அதனால் ரொட்டி சுட்ட கல்லிலேயே உங்கள் தோசையை ஊற்றினால், ஒட்டியிருக்கும் மா தோசையோடு வரும். சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவினால் போய்விடும்தான். ஆனாலும் கல், அகப்பை, மா பிசையும் பாத்திரம் மூன்றையும் உங்களுக்கென்று தனியாக வைப்பது நிம்மதி. லயத்துக் குசினியில் அதற்கு இடமில்லை என்றால், முதலில் உங்கள் சாப்பாட்டைச் சமைத்து மூடிவைத்துவிட்டுப் பிறகு மாவைத் தொடுங்கள். பிள்ளை மிச்சம் வைத்த ரொட்டித் துண்டை வீணாகப் போகிறதே என்று வாயில் போடும் பழக்கம் நம் அம்மாமாருக்கு உண்டு. மலையில் சாப்பாட்டு நேரம் ஆளுக்கொரு வாய் பகிர்வதும் அப்படித்தான். இரண்டையும் யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது, அரிசிச் சாப்பாடு என்று நாம் நம்பி ஏமாறுபவை. கடைப் பிட்டில் அரிசி மாவோடு அவித்த கோதுமை மா கலந்திருக்கும். வெள்ளை இடியப்பம் பல இடங்களில் முழுக்கவே கோதுமை மா. தோசை மாவிலும் ஒரு கை கோதுமை மா போடுகிறவர்கள் உண்டு. குரக்கன் ரொட்டி உடையாமல் வர அதே மாவைத்தான் சேர்க்கிறார்கள். கட்டிப் பெருங்காயம், சோயா சோஸ், சிலவகை சோயா மீட், எல்லாவற்றிலும் கோதுமை வரலாம். நெஸ்டமோல்ட், மைலோ, ஹோர்லிக்ஸ் எல்லாம் மோல்ட் சேர்ந்தவை. மோல்ட் என்றால் பார்லி, அதிலும் குளுட்டன் உண்டு.

இரண்டு வாரத்துக்கு ஒரு கொப்பியில் எழுதுங்கள்: என்ன சாப்பிட்டீர்கள், யார் சமைத்தது, எப்போது வயிறு ஊதியது. வெளியே சாப்பிட்ட நாட்களுக்கும் பேதி போன நாட்களுக்கும் பொருத்தம் தெரிந்தால் மருந்து தேடி அலையவேண்டாம். இன்னொன்று, குளுட்டன் இல்லாத பிஸ்கட் என்று கொழும்புக் கடைகளில் விற்பதற்குச் சம்பளத்தைக் கொட்டாதீர்கள். சோறும் மரவள்ளிக் கிழங்கும் இருக்கிற நாட்டில் அது தேவையே இல்லை.

தலவாக்கலை: சமையல் எல்லாம் தனி, வெளியே சாப்பிடுவதே இல்லை. ஆனால் காலையில் பால் தேத்தண்ணி குடித்த அரை மணியில் வயிறு கடமுடா என்கிறது.

பாலிலுள்ள லக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் நொதி, குடலின் மெல்லிய விரல் போன்ற முளைகளின் நுனியில் இருக்கிறது. சீலியாக்கில் முதலில் அடிபடுவது அந்த நுனிதான். இரண்டு வாரம் பாலை நிறுத்திப் பிளேன் டீ குடித்துப் பாருங்கள். பால்மாவும் பால்தான், மறக்கவேண்டாம். தயிர் பலருக்கு ஒத்துக்கொள்ளும், நெத்தலியும் கல்சியத்துக்கு நல்லது. குடல் ஆற ஆற பால் திரும்பவும் ஒத்துவரும்.

மஸ்கெலியா: பேதி நின்றுவிட்டது. ஆனால் களைப்பு போகவில்லை. இரும்புக் குளிசை மூன்று மாதமாகப் போடுகிறேன், ஹீமோகுளோபின் ஏறவே மாட்டேன் என்கிறது.

குளிசையை எதோடு விழுங்குகிறீர்கள்? தேயிலைக்காரர்களிடம் இதைச் சொல்வதற்கு எனக்கே சங்கடம். சாப்பாட்டோடும் குளிசையோடும் குடிக்கும் தேநீர் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். குளிசையைத் தேசிக்காய்த் தண்ணீரோடு போடுங்கள். இரும்பு உறிஞ்சப்படுவது சிறுகுடலின் முதல் பகுதியில், நோய் அதிகம் தாக்குவதும் அங்கேதான். ஆகவே கொஞ்சம் மெதுவாகத்தான் ஏறும். அப்படியும் ஏறாவிட்டால் பி12, போலேட், தைரொயிட் மூன்றையும் பார்க்கும்படி வைத்தியரிடம் கேளுங்கள். தைரொயிட் கோளாறு சீலியாக்கோடு சேர்ந்து வருவது அபூர்வமில்லை.

பண்டாரவளை: இணையத்தில் வாசித்து நானாகவே ஆறு மாதமாகக் கோதுமையை விட்டிருக்கிறேன். முதலில் நல்ல சுகம், இப்போது பழையபடி ஊதுகிறது. இனி இரத்தம் சோதிக்கலாமா?

சோதிக்கலாம். ஆனால் 'இல்லை' என்று வந்தால் அதை நம்ப முடியாது. சீலியாக்கைக் காட்டிக்கொடுக்கும் டி.டி.ஜி. என்னும் எதிரணுக்கள் குளுட்டன் உள்ளே போனால்தான் இரத்தத்தில் நிற்கும். வைத்தியரின் மேற்பார்வையில் நாளுக்கு இரண்டு துண்டு பாண் என்று ஆறு முதல் எட்டு வாரம் சாப்பிட்டபின் சோதிப்பதுதான் சரியான வழி. சீலியாக் வரக்கூடிய மரபணு இருக்கிறதா என்று பார்க்கும் எச்.எல்.ஏ. சோதனைக்குப் பத்தியத்தை முறிக்கத் தேவையில்லை. அதில் இல்லை என்றால் சீலியாக் அநேகமாக இல்லை. இருக்கிறது என்று வந்தால் ஒன்றும் முடிவாகாது, ஆரோக்கியமான பலருக்கும் அந்த மரபணு உண்டு.

என் ஊகம் வேறு. கோதுமையில் குளுட்டன் மட்டுமில்லை, புரக்டான் என்ற மாச்சத்தும் உண்டு, அது குடலில் புளித்து வாயுவாகும். வெங்காயம், பூண்டு, நம் நுவரெலியா லீக்ஸ் எல்லாவற்றிலும் அதே சரக்குதான். பாணுக்குப் பதில் லீக்ஸ் பிரட்டல் அதிகமாகிவிட்டதா? லீக்ஸின் வெள்ளைத் தண்டை விட்டு பச்சை இலையை மட்டும் சமைத்துப் பாருங்கள்.

பதுளை: எட்டு மாதமாகச் சரியாகப் பத்தியம். டி.டி.ஜி. குறைந்திருக்கிறது, ஆனால் இன்னும் சாதாரண அளவுக்கு வரவில்லை. புற்றுநோயாக மாறுமோ?

குறைகிறதே, அதுதான் நல்ல செய்தி. முழுதாக இறங்க ஒரு வருடத்துக்கு மேலும் எடுக்கலாம். பெரியவர்களின் குடல் ஆற இரண்டு வருடம், சிலருக்கு அதைவிடக் கூட. பத்தியத்துக்கே மசியாத சீலியாக் மிக அபூர்வம். ஆனால் எடை இறங்கிக்கொண்டே போனால், இராத்தூக்கத்தைக் கலைத்துப் பேதி போனால், மலத்தில் இரத்தம் தெரிந்தால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நாவலப்பிட்டி: ஞாயிறு பூசையில் நற்கருணை வாங்கலாமா?

நற்கருணையில் தரும் வழமையான அப்பம் கோதுமை மாவில் செய்தது. குளுட்டன் மிகக் குறைத்துச் செய்த அப்பம் செல்லும், அறவே இல்லாதது செல்லாது என்று 2017இல் வத்திக்கான் கடிதம் மீண்டும் உறுதிப்படுத்தியது. ஃபாதரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். திராட்சை இரசம் மட்டும் வாங்குவதானால் தனிக் கிண்ணத்தில் கேளுங்கள். அவருடைய கிண்ணத்தில் பூசையின்போது ஒரு துணுக்கு அப்பம் போடுவார்.