ழான் மோரோவுக்குச் சங்கீதம் தெரியுமா?

கேள்வி: 'ஜூல் எ ஜிம்' படத்தில் ழான் மோரோ பாடும் காட்சியை யூடியூபில் பார்த்தேன். முறையாகப் பாட்டுக் கற்றவரா? குரல் கரகரவென்று இருக்கிறதே! (வாசகி, கும்பகோணம்)

பதில்: அவர் அடிப்படையில் பிரெஞ்சு நாடக நடிகை. 1928-ல் பாரிஸில் பிறந்தவர். அப்பா உணவகம் நடத்தியவர். அம்மா இங்கிலாந்திலிருந்து மேடையில் ஆட வந்தவர். மகள் நடிக்கப் போவதில் அப்பாவுக்குத் துளியும் இஷ்டமில்லை. ஆனாலும் 1947-ல் கொமெதி பிரான்சேஸ் நாடகக் குழுவில் சேர்ந்துவிட்டார். கரகரப்பில் சிகரெட்டுக்கும் பங்கு உண்டு.

நீங்கள் பார்த்த பாட்டை எழுதியவர் அவருடைய நண்பர் செர்ஜ் ரெஸ்வானி. காட்சியில் கிதார் வாசிப்பவரும் அவரேதான். முன்கூட்டியே பதிவுசெய்து வாயசைத்த பாட்டு அல்ல, படப்பிடிப்பிலேயே பாடியது. நடுவில் சரணம் இடம் மாறிவிடுகிறது. மோரோ கையால் சின்னதாக ஒரு சைகை காட்டிவிட்டு மேலே பாடிக்கொண்டே போகிறார். இயக்குநர் த்ருஃபோ அதை வெட்டாமல் அப்படியே வைத்துக்கொண்டார். தேர்ந்த பாடகியாக இருந்தால் அந்த இடத்தில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து எடுத்திருப்பார். நடிகை என்பதால் பாட்டு பிழைத்தது என்பது என் கட்சி.

கேள்வி: பெரிய அழகி என்று சொல்ல முடியாதே, எப்படி நட்சத்திரமானார்? (வாசகர், சேலம்)

பதில்: கேமராவுக்கு ஏற்ற முகமில்லை என்று ஆரம்பத்தில் சினிமாக்காரர்களே அவரிடம் சொன்னார்கள். அதை மாற்றியவர் இயக்குநர் லூயி மால். 1958-ல் வெளிவந்த 'தூக்குமேடைக்கு ஒரு லிஃப்ட்' படத்துக்காக, பாரிஸின் ஷான்ஸெலிஸே சாலையில் இரவில் அவரை நடக்கவிட்டார். மேக்கப் கிடையாது, தனியாக விளக்குகளும் கிடையாது. கடைக் கண்ணாடிகளிலிருந்து வந்த வெளிச்சம்தான். கேமராவைக் குழந்தைகளின் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். பிலிமைக் கழுவிய லேப் ஆட்கள் பதறிப்போய், 'நடிகையைக் கெடுக்கிறார்கள்' என்று தயாரிப்பாளரிடமே புகார் சொன்னார்களாம். அந்த நடைக்குப் பின்னணியில் ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ட்ரம்பெட் வேறு. அப்புறம் என்ன, 1960-ல் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது.

கேள்வி: அவர் பாடியதில் முதலில் எதைக் கேட்கலாம்? (அதே கும்பகோணம் வாசகி)

பதில்: 1963-ல் வந்த இசைத்தட்டு. ரெஸ்வானி புனைபெயரில் எழுதிய 12 பாட்டுகள். அது பிடித்திருந்தால், பாடகர் எத்தியென் தாஓவோடு 2010-ல் செய்த, பிரெஞ்சு எழுத்தாளர் ழான் ழெனேயின் நீள்கவிதைக்குப் போங்கள். அதில் தாஓ பாடுகிறார். எண்பதைத் தாண்டிய மோரோ பாடவில்லை, பேசுகிறார். ஹெட்போனில் கேளுங்கள்.